கல்வெட்டில் போகாத வரி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் பென்டில் ஹில் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாண வீட்டில் யாராவது காலமானால் முதல் போன் பிரேதத்தைப் பொறுப்பெடுக்கும் மலர்ச்சாலைக்குப் போகும், இரண்டாவது ஐயருக்கு, மூன்றாவது எனக்கு. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில், இறந்தவரைப் பற்றி ஒரு புத்தகம் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். அட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, வம்சாவளி, பிறகு வாழ்க்கை வரலாறு. அந்த வாழ்க்கை வரலாறுதான் என் தலையில் விழும். நான் எழுத்தாளர் என்பதால் அல்ல. பரமட்டாவில் ஓர் இதய வைத்தியரின் கிளினிக்கில், அவர் ஒலிப்பதிவில் சொல்கிற கடிதங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. தமிழும் வேகமாக அடிப்பேன் என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது.

எழுதத் தொடங்கிய நாலைந்து வருடங்களில் பதினாறு பேருக்கு எழுதினேன். பதினாறு பேரும் அன்பான துணைவர்கள், பண்பான பெற்றோர்கள், வந்தாரை வரவேற்றவர்கள். ஒருவர்கூடக் குடித்ததில்லை, மனைவிக்குக் கை நீட்டியதில்லை, தம்பியின் காணிக்குள் வேலியைத் தள்ளிப் போட்டதில்லை. இப்படிப்பட்ட உத்தமர்களைப் பெற்ற ஊர் எப்படி உருப்படாமல் போனது என்று எழுதும்போதே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் எழுதுவேன். செத்த வீட்டில் போய் யார் நியாயம் கேட்பது?

இந்தப் பதினாறையும் அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தியவர் என் பெரியப்பா. அப்பாவின் தமையன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கை நடுங்கும், கண்ணுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சிவப்புப் பேனையுடன் கதிரையில் உட்கார்ந்தால் ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு புள்ளி தப்பாது. அச்சில் பிழை விடுவது மகா பாவம் என்பது அவருடைய கட்சி. "வாயால சொன்னது காத்தோட போயிடும் பிள்ளை, அச்சில ஏறினது நிக்கும்" என்பார். இளமையில் கென்யாவில் வெள்ளைக்காரரிடம் கிளார்க்காக இருந்தவர். அவர் தட்டச்சு செய்த கடிதத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாமல் வெள்ளைக்காரத் துரையே தோற்றுப்போனாராம். வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதை அது. காக்கிக் காற்சட்டையும் முழங்கால் வரை மேசுக் காலுறையுமாக, ஒரு ஜீப்பில் சாய்ந்துகொண்டு நிற்கும் படம் அவர் வீட்டு ஹோலில் தொங்கியது. அதன் கீழே மரத்தில் செய்த ஓர் ஒட்டகச்சிவிங்கி. எங்களுக்குத் தெரிந்த ஆபிரிக்கா அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர் குளியலறையில் விழுந்தார். அதன் பிறகு அவரைக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றிவிட வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் வரத் தொடங்கினாள். முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஒன்று அனுப்பிய பெண். நாற்பது வயதிருக்கும், கென்யாக்காரி. முதல் நாளே பெரியப்பா "ஜம்போ" என்று வணக்கம் சொன்னார், அவள் வாசலிலேயே நின்று சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் குளியலறைக்குள் சுவாஹிலியில் ஏதோ கதைப்பதும், பெரியம்மா வெளியில் நின்று "என்னத்தைத்தான் கதைக்கினமோ" என்று முணுமுணுப்பதும் வழக்கமாகிவிட்டன. மகன் இருப்பதோ மெல்பேர்னில், கிளென் வேவர்லியில். நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் வீடு வேண்டும் என்று அங்கே போன எஞ்சினியர் அவர். நான் பெரியண்ணா என்று கூப்பிடுவேன். மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பறந்து வந்து பார்ப்பார். மற்ற நாட்களில் பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்ததென்றால் அது அந்தப் பெண்ணால்தான்.

ஒருநாள் சுவாஹிலி நின்றுவிட்டது. பெரியம்மாவுக்கும் ஏன் என்று தெரியவில்லை. "கோவிச்சுக்கொண்டாரோ என்னவோ, இப்ப வாயே திறக்கிறேல்லை" என்றார். வயதாகிறது, மறந்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஒக்டோபரில் அவரை எங்கள் கிளினிக்குக்கு இதயப் பரிசோதனைக்காகக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வானொலியில் செய்தி. கென்யாவில் பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் சித்திரவதைப்பட்ட மூன்று முதியவர்கள் பிரித்தானிய அரசின் மேல் வழக்கு நடத்தலாம் என்று லண்டன் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். நான் வேறு அலைவரிசைக்கு மாற்றக் கையை நீட்டினேன்.

"விடு பிள்ளை. சத்தத்தைக் கூட்டு" என்றார்.

செய்தி முடிந்து கிரிக்கெட் வந்தது. பெரியப்பா நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த மூண்டு பேரும் பொய் சொல்லேல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் அப்பிடி ஒரு காம்ப்பிலதானே வேலை செய்தனான்."

பரமட்டாவுக்குப் போகும் பாதையில் வீதித் திருத்த வேலை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த நெரிசலுக்குள்தான் அவர் எனக்குச் சொன்னார். ஐம்பத்தைந்து வருடம் கூடவே வாழ்ந்த மனைவிக்கும் சொல்லாததைச் சொன்னார்.

"காம்ப் எண்டாச் சிறைதான். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அந்தச் சனத்தின்ர நல்ல காணியெல்லாம் வெள்ளைக்காரர் பிடிச்சுக்கொண்டினம். அதைத் திருப்பித் தா எண்டு எழும்பினவை. எழும்பினவையை மட்டுமில்லை, ஊரோட அள்ளிக்கொண்டு வந்து அடைச்சினம். வெள்ளைக்காரருக்கு எதிராச் சத்தியம் எடுத்தனி எண்டு ஒப்புக்கொள் எண்டு அடிப்பினம். ஒப்புக்கொண்டா, வேற ஆர் எடுத்தது எண்டு திருப்பியும் அடிப்பினம். என்ர மேசை பக்கத்துக் கொட்டில்ல. தகரக் கூரை. நான் ரைப்ரைட்டரைக் கெதியாத் தட்டுவன். அந்தச் சத்தத்தில மற்றச் சத்தம் கேக்காது."

நான் வானொலியை நிறுத்தினேன்.

"விடியப் பாத்தா ஆராவது செத்துக் கிடப்பினம். துரை வந்து சொல்லுவார், நான் சொல்லுக்குச் சொல் அடிப்பன். காய்ச்சல். வயித்தோட்டம். காய்ச்சல். ஒருநாள் காலமை நாலு பேர். நாலு பேருக்கும் வயித்தோட்டம் எண்டு போடச் சொன்னார். 'சேர், முதுகெல்லாம் காயமாக் கிடக்குதே' எண்டு கேட்டனான். 'நீ கிளார்க், டொக்டர் இல்லை' எண்டார். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கேல்லை. நாலும் அடிச்சுக் குடுத்தனான். ஒரு பிழை இல்லை."

அந்தக் கடைசி மூன்று சொற்களையும் பெருமையாகச் சொல்கிறாரா, காறித் துப்புகிறாரா என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஏன் விட்டுட்டு வரேல்லை?"

"தங்கச்சிமார் ரெண்டு பேர் வீட்டில. மூண்டு வருசம் இருந்தனான்." சீட் பெல்ட்டை இழுத்துத் தளர்த்தினார். "அந்தப் பிள்ளை இருக்கிறாளே, என்னைக் குளிக்க வாக்கிறவள். அவளின்ர அம்மப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்களாம். பிறகு ஒருநாள் ஊர்த் தலைவர் வந்து, காய்ச்சல்ல செத்துப்போனார் எண்டு சொல்லிப்போட்டுப் போனாராம். பிரேதமும் குடுக்கேல்லையாம். அவளின்ர தாய் இப்பவும் நம்பேல்லையாம். காய்ச்சல்தானோ, என்னவோ எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாவாம்."

"உங்கட காம்ப்பிலயே?"

"ஆருக்குத் தெரியும்? எத்தினையோ காம்ப். ஆனா காய்ச்சல் எண்டு அடிச்சவன் என்னைப்போல ஒருத்தன்தானே."

"அப்ப அவளிட்டச் சொல்லுங்கோவன், பெரியப்பா."

"வாய் வருகுதில்லை. அவள் என்ர முதுகு தேய்க்கிறவள்."

கார்கள் அசையத் தொடங்கின. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். பெரியப்பா என் கையைப் பிடித்தார். "நான் செத்தா என்ர கல்வெட்டு நீதானே எழுதுவாய். அதில ஒரு வரி போடு. காய்ச்சல் எண்டு நான் அடிச்சது காய்ச்சல் இல்லை எண்டு. ஒரு வரி காணும், அதுக்கு மேல வேண்டாம். அச்சில வந்தாப் பிறகு அவளுக்கு வாசிச்சுக் காட்டு."

"ஓம்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா. கையை விடுங்கோ, கார் ஓட வேணும்."

அடுத்த வருடம் மார்ச்சில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்றாவது போன் எனக்கு வர வேண்டியிருக்கவில்லை, நான் அங்கேயே இருந்தேன்.

இரண்டு வாரத்தில் வாழ்க்கை வரலாற்றை எழுதினேன். பதினேழாவது. முதல்முறையாக ஓர் உண்மையான மனிதனைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் திமிரும் இருந்தது எனக்கு. அந்த வரியை இப்படி எழுதினேன்: "கென்யாவில் பிரித்தானியரின் தடுப்பு முகாமொன்றில் எழுதுவினைஞராக இருந்தபோது, அடித்துக் கொல்லப்பட்டவர்களைக் காய்ச்சலில் இறந்தவர்கள் என்று தட்டச்சு செய்து கொடுத்ததையும், அது பொய் என்பதையும் இங்கே பதியும்படி அவரே கேட்டுக்கொண்டார்." சிவப்புப் பேனைக்கு ஆள் இல்லாததால் நானே மூன்று தரம் பிழை பார்த்தேன். பெரியண்ணாவுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் போன் வந்தது.

"உனக்கு என்ன விசரே?" என்றுதான் தொடங்கினார்.

"அவர்தான் போடச் சொன்னவர்."

"எண்பது வயசில ஆள் என்னவும் சொல்லும். மருந்துக் குளிசை போட்டுக்கொண்டிருந்த மனிசன். ஆர் சாட்சி?"

"நான்தான்."

"நீ ஒருத்தி சொன்னா காணுமே?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் தெரியுமா? இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்த அந்த ஏப்ரலும் மேயும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு மெல்பேர்ன் நடுத்தெருவில் பதாகையோடு நின்றவர். கன்பராவுக்கு பஸ் பிடித்துப் போனவர். "ஒரே ஒரு சாட்சி இருந்தாலும் உலகம் கேக்க வேணும்" என்று சொன்னவர். அவர் கொடுத்த மனுக்களை எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தட்டச்சு செய்தவள் நான். அதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

"அது வேற, இது வேற" என்றார்.

"என்ன வேற?"

"அங்க செத்தது எங்கட சனம்."

"இங்க செத்தது ஆரின்ர சனம்?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இஞ்ச பார். கல்வெட்டு இப்ப இன்ரநெற்றிலயும் போடுறது. நாளைக்கு என்ர மகளுக்குக் கலியாணம் பேசேக்க ஆரும் தேடிப் பாத்தா முதல்ல இதுதான் வரும். நாங்கள் உலகத்திட்ட நீதி கேட்டுக்கொண்டு திரியிறம். அதுக்குள்ள எங்கட ஆள் ஒருத்தர் வெள்ளைக்காரனுக்குக் கணக்கப்பிள்ளையா நிண்டு பிரேதத்தை மறைச்சவர் எண்டு நாங்களே அச்சடிச்சுக் குடுக்கிறதே? சிங்களவன் கண்டா சிரிப்பான்."

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்று அம்மா சொல்வார். போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன். பெரியண்ணா கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். தகப்பனின் காலைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிவிட்ட மனிதர் அவர். என் கோபத்தை முழுதாகக் கொட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் பெரியம்மா கூப்பிட்டார், பெரியண்ணா அவருக்குச் சொல்லியிருந்தார். போனேன். ஒட்டகச்சிவிங்கியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டார். "உனக்குச் சொன்னவர், எனக்கு ஏன் சொல்லேல்லை?"

நான் துணியை வாங்கக் கை நீட்டினேன், அவர் தரவில்லை.

"அந்தப் படத்தை ஐம்பது வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைச்சுக்கொண்டு வாறன். இனி என்னெண்டு துடைக்கிறது?" அழவில்லை. அழுதிருந்தால் நான் வாதாடியிருப்பேன். "போடாத பிள்ளை. நான் இருக்கும்வரைக்கும் போடாத" என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். அச்சகக்காரர் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் தர வேண்டும் என்று சொல்லியிருந்தார். வியாழன் பன்னிரண்டரைக்கு நான் கிளினிக்கில் இருந்தேன். காதில் வைத்தியரின் ஒலிப்பதிவு, காலடியில் அதை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு மிதி. போன் அடித்தது. வைத்தியரைக் காதிலிருந்து கழற்றிவிட்டுப் பெரியண்ணாவை வைத்தேன்.

"அந்த வரியை எடுத்துப்போட்டு நான் சொல்லுறதைப் போடு" என்றார். எதையோ பார்த்து நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "இளமைக் காலத்தில்... ஆபிரிக்காவின் கென்யா நாட்டில்... பிரித்தானிய அரசின் கீழ் உயர் பதவி வகித்து... வெள்ளைக்கார அதிகாரிகளின் நன்மதிப்பைப் பெற்று... சிறப்புறப் பணியாற்றினார்."

என் விரல்கள் அவர் பின்னாலேயே ஓடின. பழக்கதோஷம். காதில் ஒருவர் சொன்னால் கை அடிக்கும், இருபது வருடமாக அதுதானே பிழைப்பு.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

வாசித்துக் காட்டினேன்.

"பிழை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். யாரும் என் முதுகில் துவக்கை வைத்திருக்கவில்லை. தங்கச்சிமார் இரண்டு பேர் வீட்டில் காத்திருக்கவும் இல்லை. பெரியப்பாவுக்காவது அந்தச் சாட்டு இருந்தது.

கடைசிப் பக்கம் பாதி காலியாக இருக்கிறது என்று அச்சகக்காரர் சொன்னாராம். பெரியண்ணா அங்கே "நீரிழிவு நோயாளருக்கான உணவு முறைகள்" என்று ஒரு பட்டியலைப் போடச் சொல்லிவிட்டார். சாகும்வரை இரத்தத்தில் சீனி கூடாமல் இருந்த மனிதரின் கல்வெட்டில் பாகற்காயின் மகிமை.

முப்பத்தோராம் நாள் உண்மையில் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கே ஆத்மாக்களும் சனிக்கிழமை வரை பொறுத்திருக்கும். வாடகை மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அந்தக் கென்யாப் பெண்ணும் வந்தாள். கறுப்புச் சட்டை, தலையில் ஒரு துணி. வரிசையில் நின்று சாப்பாடு எடுத்து, எங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் சாப்பிட்டாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். போகும்போது பெரியண்ணா இரண்டு கையாலும் கல்வெட்டைக் கொடுத்து, கண் கலங்க நன்றி சொன்னார். அவள் அட்டைப் படத்தைத் தடவினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதில் நான் அடைந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜூனில் பிரித்தானிய அரசாங்கம் தன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டது. கென்யாவில் தன் ஆட்சியில் சித்திரவதை நடந்தது உண்மை, அதற்கு வருந்துகிறோம் என்றது. அறுபது வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, வழக்கு நெருக்கியதும் சொன்ன வருத்தம்தான். என்றாலும் சொன்னார்கள். அன்றே பெரியண்ணாவிடமிருந்து குடும்பம் முழுவதற்கும் ஒரு மின்னஞ்சல். அந்தச் செய்தியை இணைத்து, கீழே எழுதியிருந்தார்: "பார்த்தீர்களா? நீதி தாமதமாகலாம், ஆனால் வரும். எங்கள் மக்களுக்கும் இது நல்ல முன்மாதிரி." அதைக் கேலியாக எழுதவில்லை அவர். மனதார எழுதியிருந்தார். பதில் எழுத நாலு தரம் தொடங்கி நாலு தரமும் அழித்தேன். எந்த முகத்தோடு எழுதுவது? அடித்த கை என்னுடையது.

பெரியம்மாவின் முழங்காலுக்கு உதவியாக அந்தப் பெண் தொடர்ந்து வந்துகொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை நான் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது அவள் குசினியில் எனக்காகக் காத்திருந்தாள். பெரியம்மா சாமியறையில் இருந்தார். அவள் தன் பையிலிருந்து கல்வெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மூலைகள் மடியாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

"நீங்கள்தான் இதை எழுதியதாக இந்த வீட்டு அம்மா சொன்னார்" என்றாள். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். "செய்தி பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"இந்த வீட்டு அப்பா என் நாட்டில் இருந்தவர். நைரோபியில் என்று சொன்னார். என் தாத்தாவின் கதையைச் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசவே இல்லை. நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்." புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "இதில் என் நாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதச் சொன்னார், எழுதினேன், எடுத்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை என்று பெரியப்பா சொன்னபோது உள்ளுக்குள் அவரைக் கோழை என்று நினைத்தவள் நான். பக்கத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு, அங்கே இல்லாத வரியை வாசித்தேன். தடுப்பு முகாம் என்றேன். அடித்துக் கொல்லப்பட்டவர்கள் என்றேன். காய்ச்சல் என்று அவர் அடித்தது காய்ச்சல் இல்லை என்றேன். இதைப் பதியும்படி அவரே கேட்டார் என்றேன். ஒரு சொல்லும் தடக்காமல் வந்தது.

சாமியறையில் மணி கேட்டது.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றாள். "இரண்டு வருடம் இந்தக் கையால் குளிக்க வார்த்தேன்." கோபமா, அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனால் அச்சில் போடச் சொல்லியிருக்கிறார். தன் ஆட்கள் எல்லாருக்கும் முன்னால். என் நாட்டில் இதைச் செய்தவர்கள் ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்றைக்கு மண்டபத்தில் எல்லாரும் ஏன் என்னைப் பார்த்து அவ்வளவு அன்பாகச் சிரித்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது."

நான் கோப்பையைத் தூக்கி, அதில் தேத்தண்ணீர் இல்லை என்று கண்டு, திருப்பி வைத்தேன்.

"எது அந்த வரி? காட்டுங்கள்."

விரலை வைத்தேன். எங்கே வைக்க முடியும்? கென்யா என்ற சொல் இருந்த இடத்தில்தான் வைத்து, முற்றுப்புள்ளி வரை நகர்த்தினேன். அவள் சீருடைப் பையிலிருந்து பேனையை எடுத்து, என் விரல் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரைக்கும் மெதுவாக, நேராக, அடியில் ஒரு கோடு போட்டாள்.

"என் அம்மாவுக்கு அனுப்பப் போகிறேன்" என்றாள். "நைரோபியில் இந்தியர்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்வார். என் வாயால் கேட்டால் நம்பமாட்டார். அச்சில் இருந்தால் நம்புவார்."

பிளாஸ்டிக் உறைக்குள் கவனமாகப் போட்டு, பைக்குள் வைத்து, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போனாள். அவள் கோடு போட்ட வரி இதுதான்: கென்யா நாட்டில் பிரித்தானிய அரசின் கீழ் உயர் பதவி வகித்து, வெள்ளைக்கார அதிகாரிகளின் நன்மதிப்பைப் பெற்று, சிறப்புறப் பணியாற்றினார்.